சிறைப்பட்ட நாவல்: வாசிலி கிராஸ்மன் பற்றி வாசகர் கேள்விகள்

சென்ற இதழில் சோவியத் நாவலாசிரியர் வாசிலி கிராஸ்மனின் ‘வாழ்வும் விதியும்’ பற்றி ஒரு பக்கக் குறிப்பு வந்திருந்தது. எழுதியவரை வெளியே விட்டுவிட்டு நாவலை மட்டும் பிடித்துக்கொண்டு போனார்கள் என்ற ஒரு வரி அதில் பலரையும் பிடித்து நிறுத்தியிருக்கிறது. வந்த கடிதங்களில் அடிக்கடி கேட்கப்பட்டவற்றுக்கு இங்கே பதில் தருகிறோம்.

கிராஸ்மன் ஆரம்பத்திலிருந்தே அரசை எதிர்த்தவரா?
– வாசகர், மதுரை

இல்லை. சோவியத் ஆட்சி வளர்த்தெடுத்த எழுத்தாளர்களில் ஒருவர்தான் அவர். 1905 டிசம்பர் 12 அன்று உக்ரைனின் பெர்திச்சேவ் நகரில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். அப்பா வேதியியல் பொறியாளர், அம்மா பிரெஞ்சு ஆசிரியை. இவரும் மாஸ்கோ பல்கலைக்கழகத்தில் வேதியியல் படித்து 1929இல் பட்டம் பெற்றார். தன்பாஸ் நிலக்கரிச் சுரங்கப் பகுதியில் வேலை பார்த்தார், பிறகு மாஸ்கோவில் ஒரு பென்சில் தொழிற்சாலையில். 1934இல் ‘பெர்திச்சேவ் நகரில்’ என்ற சிறுகதை வெளியானது. உள்நாட்டுப் போரில் கர்ப்பிணியாகிவிட்ட ஒரு பெண் கமிசார் (செஞ்சேனையின் அரசியல் அதிகாரி), ஏழை யூதக் குடும்பத்தின் வீட்டில் தங்கிப் பிள்ளை பெறும் கதை. மக்சீம் கார்க்கியின் கவனம் விழுந்தது. 1937இல் எழுத்தாளர் சங்கத்தில் சேர்த்துக்கொள்ளப்பட்டார்.

அடுத்த வருடமே பயம் வீட்டுக்குள் வந்தது. மனைவி ஓல்காவின் முன்னாள் கணவர் ஏற்கெனவே கைதாகியிருந்தார். 1938இல் ஓல்காவையும் பிடித்துப் போனார்கள். கிராஸ்மன் முதலில் செய்த காரியம், ஓல்காவின் இரண்டு மகன்களுக்கும் தன்னைச் சட்டப்படி காப்பாளராகப் பதிவு செய்துகொண்டது. அதைச் செய்யாமல் இருந்திருந்தால் பிள்ளைகளை அரசு இல்லத்துக்குக் கொண்டுபோயிருப்பார்கள். பிறகு உள்துறைத் தலைவர் எஷோவுக்கே நேராகக் கடிதம் எழுதினார்: ஓல்கா இப்போது என் மனைவி, முன்னாள் கணவரின் விவகாரத்துக்கு அவள் எப்படிப் பொறுப்பாவாள்? ஓல்கா விடுதலையானார். அந்த ஆண்டுகளில் இப்படிக் கடிதம் எழுதியவர்கள் மிகக் குறைவு, பலன் கண்டவர்கள் அதிலும் குறைவு.

போர்க்கால நிருபராக அவருக்கு இருந்த பெயர் எவ்வளவு பெரியது?
– வாசகி, கோயம்புத்தூர்

ராணுவ நாளேடான ‘கிராஸ்னயா ஸ்வெஸ்தா’வை முன்னணியில் சிப்பாய்கள் கைமாற்றிக் கைமாற்றிப் படிப்பார்கள். அதில் எல்லோரும் தேடிய பெயர்கள் இரண்டு: இல்யா எரன்பர்க், வாசிலி கிராஸ்மன். கண்பார்வை குறைவு, உடல் கனம். படையில் சேர லாயக்கற்றவர். நிருபராக ஆயிரம் நாட்களுக்கு மேல் முன்னணியில் இருந்தார். மாஸ்கோ, ஸ்தாலின்கிராத், குர்ஸ்க், கடைசியில் பெர்லின். சிப்பாயோடு பேசும்போது நோட்டுப் புத்தகத்தை வெளியே எடுக்க மாட்டார். கேட்டதை இரவில் நினைவிலிருந்து எழுதிக்கொள்வார். எதிரில் இருப்பவன் அறிக்கை கொடுக்கிறவனாக மாறாமல் மனிதனாகவே பேசியதற்கு இந்தப் பழக்கம் பெரிய காரணம்.

அவர் அம்மா பெர்திச்சேவிலேயே தங்கிவிட்டார். 1941 செப்டம்பரில் அந்த ஊர் யூதர்களை ஜெர்மானியர் கூட்டமாகச் சுட்டுக் கொன்றபோது அவரும் கொல்லப்பட்டார். சரியான நேரத்தில் மாஸ்கோவுக்கு அழைத்து வராமல் போனோமே என்ற குற்றவுணர்வு மகனைச் சாகும்வரை விடவில்லை. அம்மா இறந்து 9 ஆண்டுகள் கழித்து 1950இலும், 20 ஆண்டுகள் கழித்து 1961இலும் அவருக்கே கடிதம் எழுதி வைத்தார். ‘வாழ்வும் விதியும்’ அம்மாவுக்குத்தான் சமர்ப்பணம்.

1944இல் செஞ்சேனையோடு போலந்துக்குள் போனவர், திரெப்ளிங்கா மரண முகாமில் உயிர் தப்பியவர்களையும் சுற்றுவட்டார விவசாயிகளையும் விசாரித்து எழுதிய கட்டுரை, மரண முகாம்கள் பற்றி எந்த மொழியிலும் வந்த முதல் விரிவான எழுத்துகளில் ஒன்று. நாஜித் தலைவர்கள் மேல் நடந்த நூரம்பர்க் விசாரணையின்போது அது அங்கே வழங்கப்பட்டது.

இன்னொன்று. வோல்கோகிராதில் (ஸ்தாலின்கிராத்தின் இன்றைய பெயர்) மமாயெவ் குன்றின் மேல் இருக்கும் ஸ்தாலின்கிராத் நினைவகம் 1967இல் திறக்கப்பட்டது. அங்கே கல்லில் பெரிய எழுத்தில் பொறித்திருக்கும் வரிகள், இரும்புக் காற்று முகத்தில் அறைய அறைய முன்னேறிக்கொண்டே இருந்த வீரர்களைப் பற்றியவை, கிராஸ்மனின் 1942ஆம் வருடக் கட்டுரையிலிருந்து எடுத்தவை. திறப்பு விழா நடந்தபோது அவர் இறந்து மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன, அவருடைய பெரிய நாவல் பூட்டில் இருந்தது. கல்லில் அவர் பெயர் இல்லை.

ஒரு நாவல் சோவியத் நாட்டில் அச்சேற என்னென்ன படிகள்? எங்கே தடை விழும்?
– வாசகர், திருச்சி

நாவல்கள் முதலில் ‘தடித்த இதழ்’ என்று அழைக்கப்பட்ட மாத இதழ்களில் தொடராக வரும், பிறகுதான் புத்தகம். ஆசிரியர் தட்டச்சுப் பிரதியைக் கொடுப்பார். இதழின் உள் விமர்சகர்கள் எழுத்தில் கருத்துச் சொல்வார்கள். ஆசிரியர் குழு கூடி முடிவெடுக்கும். அதன் பிறகு ‘கிளாவ்லித்’ என்ற தணிக்கைத் துறையின் முத்திரை வேண்டும். அது இல்லாமல் அச்சகம் தாளைத் தொடாது. பொருள் பெரியது என்றால் இத்தனையும் போதாது. கட்சியின் மத்தியக் குழு, ராணுவத் தலைமையகம் என்று பிரதி பயணம் போகும். தனித்தனியாக யாரும் ‘தடை’ என்று சொல்ல மாட்டார்கள். ஒவ்வொருவரும் இன்னொருவரின் கருத்துக்காகக் காத்திருப்பார்கள். நாவல் அப்படியே இறுகிப் போகும்.

கிராஸ்மனின் முதல் ஸ்தாலின்கிராத் நாவலுக்கு நடந்தது இதுவே. 1949இல் ‘நோவி மீர்’ இதழிடம் கொடுத்தார். ஒவ்வொரு மேசையும் ஒரு திருத்தம் கேட்டது. நாவலின் மையப் பாத்திரமான யூத இயற்பியலாளர் விக்டர் ஷ்த்ரூமை நீக்கிவிடச் சொன்னார்கள். கிராஸ்மன் மறுத்தார், ஆனால் ஷ்த்ரூமுக்கு மேலே ஒரு ரஷ்ய ஆசானை, செபீஷின் என்ற விஞ்ஞானியைச் சேர்த்துக் கொடுத்தார். ‘ஸ்தாலின்கிராத்’ என்ற தலைப்பும் போயிற்று, ‘நியாயமான நோக்கத்துக்காக’ என்று மாறியது. 1950 டிசம்பரில் ஸ்தாலினுக்கே கடிதம் எழுதிப் பார்த்தார். பிரதி எந்தத் தேதியில் யாரிடம் போனது, யார் என்ன சொன்னார் என்பதைத் தனி நாட்குறிப்பாகவே எழுதி வைத்தார். தணிக்கை எப்படி நடந்தது என்று தெரிந்துகொள்ள அதைவிடத் துல்லியமான ஆவணம் கிடைப்பது அரிது. 1952 ஜூலை முதல் அக்டோபர் வரை நாவல் ஒரு வழியாக வெளியானது. வாசகர்கள் கொண்டாடினார்கள்.

நாலே மாதம். 1953 பிப்ரவரி 13 அன்று கட்சி நாளேடான ‘பிராவ்தா’வில் மிகயீல் புபென்னவ் என்ற எழுத்தாளர் நாவலைத் தாக்கி எழுதினார். ஒரு மாதம் முன்பு, ஜனவரி 13 அன்று, பெரும்பாலும் யூதர்களான மருத்துவர்கள் தலைவர்களைக் கொல்லச் சதி செய்ததாக அதே ஏடு அறிவித்திருந்தது. அதனால் அந்த விமர்சனத்தின் பொருள் எல்லோருக்கும் புரிந்தது. நாவலை வெளியிட்ட இதழாசிரியர் த்வார்தோவ்ஸ்கி தவறை ஒப்புக்கொண்டார். நாவலுக்கு ஆதரவாக நின்ற சங்கத் தலைவர் ஃபதேயெவ் எதிராகப் பேசினார். மார்ச் 5 அன்று ஸ்தாலின் இறந்தார். அவர் இன்னும் சில மாதங்கள் இருந்திருந்தால் கிராஸ்மன் தப்பியிருக்க மாட்டார் என்பதே அந்தக் காலத்தை ஆராய்ந்தவர்கள் பலரின் கருத்து. 1954இல் நாவல் ராணுவப் பதிப்பகத்தின் வழியே புத்தகமாக வந்தது; அவ்வாண்டு டிசம்பரில் எழுத்தாளர் மாநாட்டு மேடையில் ஃபதேயெவ் தன் செயலுக்கு வருத்தம் தெரிவித்தார்.

‘வாழ்வும் விதியும்’ எப்படிப் பறிமுதல் ஆனது? எல்லாவற்றையும் எடுத்துப் போனார்கள் என்றால் இன்று நம் கையில் இருப்பது எது?
– வாசகர், சென்னை

மிக அதிகமான கடிதங்கள் கேட்டது இதைத்தான்.

முதல் ஸ்தாலின்கிராத் நாவலின் தொடர்ச்சியான இந்த நாவலை கிராஸ்மன் 1960இல் முடித்தார். த்வார்தோவ்ஸ்கியோடு பழைய மனத்தாங்கல் இருந்ததால் வதீம் கோஷெவ்னிக்கவ் நடத்திய ‘ஸ்னாம்யா’ இதழுக்குக் கொடுத்தார். வேண்டாம் என்று தடுத்துப் பார்த்தவர் நண்பரும் கவிஞருமான செம்யோன் லிப்கின். கொடுக்கும் முன்பே இரண்டு பிரதிகள் ஒதுக்கி வைக்கப்பட்டன: ஒன்று லிப்கினிடம், மற்றொன்று இலக்கிய உலகத்துக்கே சம்பந்தமில்லாத பழைய நண்பர் வ்யாசெஸ்லாவ் லபோதாவிடம், மாஸ்கோவுக்கு வெளியே மாலயரஸ்லாவெத்ஸ் என்ற சிற்றூரில்.

டிசம்பரில் ‘ஸ்னாம்யா’ ஆசிரியர் குழு நாவலைச் சோவியத் விரோதம் என்று நிராகரித்தது. விஷயம் கட்சி மத்தியக் குழுவுக்குப் போயிற்று. 1961 பிப்ரவரி 14 அன்று கே.ஜி.பி. அதிகாரிகள் வீட்டுக்கு வந்தார்கள். தட்டச்சுப் பிரதிகள், கையெழுத்து வரைவுகள், குறிப்புகள், கார்பன் தாள்கள், ரிப்பன்கள்வரை அள்ளிக்கொண்டார்கள். கார்பன் தாள் எதற்கு என்று ஒரு வாசகர் கேட்கிறார். ஓரிரு முறை மட்டும் பயன்படுத்திய கார்பனை வெளிச்சத்தில் பிடித்தால் அதில் பதிந்த வரிகளைப் படித்துவிடலாம். தட்டச்சு செய்தவர்களிடமும் ‘நோவி மீர்’ அலுவலகப் பெட்டகத்திலும் இருந்த பிரதிகளையும் தேடிப் போய் எடுத்தார்கள். லிப்கின், லபோதா இருவர் வீட்டுக்கும் போகவில்லை.

இவ்வளவு மெனக்கெடக் காரணம் பாஸ்தர்நாக். அவருடைய ‘டாக்டர் ஷிவாகோ’ 1957இல் இத்தாலியில் வெளியாகி, அடுத்த வருடம் நோபல் பரிசும் வந்து, மாஸ்கோ உலகத்தின் முன் அவமானப்பட்டிருந்தது. எழுத்தாளரைத் தண்டித்தால் வெளியே சத்தம் கேட்கும். பிரதியை மட்டும் எடுத்துவிட்டால் வெளியே தெரியவே தெரியாது என்று கணக்குப் போட்டார்கள். கிராஸ்மன் 1962 பிப்ரவரியில் அப்போதைய சோவியத் தலைவர் குருசேவுக்கு எழுதினார்: என் வாழ்வைக் கொடுத்து எழுதிய புத்தகம் சிறையில் இருக்கும்போது எனக்கு மட்டும் உள்ள இந்தச் சுதந்திரத்தில் அர்த்தமில்லை, என் புத்தகத்துக்கு விடுதலை கேட்கிறேன். அவர் கேட்டதெல்லாம் அவ்வளவே.

மீட்பு பத்து ஆண்டுகளுக்கு மேல் கழித்துத்தான் தொடங்கியது. 1974 இறுதியில் லிப்கின் எழுத்தாளர் விளாதிமிர் வொய்னோவிச்சிடம் விஷயத்தைச் சொன்னார். வொய்னோவிச் பக்கம் பக்கமாகப் படம் எடுக்க முயன்றார். வீட்டுக் கேமராவில் சரியாக வரவில்லை. அணு விஞ்ஞானி அந்திரேய் சகாரவும் அவர் மனைவி எலேனா போன்னரும் மைக்ரோஃபிலிம் எடுத்துக் கொடுத்தார்கள். அது வெளிநாடு போயும் சில பகுதிகளே இதழ்களில் வந்தன. முழு நாவலை அச்சிட யாரும் முன்வரவில்லை. பிறகு இன்னும் தெளிவாக ஒரு பிரதி எடுக்கப்பட்டு ஆஸ்திரியர்கள் உதவியோடு வெளியேறியது. எஃபீம் எத்கின்ட், ஷிமோன் மார்கிஷ் என்ற இரண்டு புலம்பெயர்ந்த அறிஞர்கள் இந்தச் சுருள்களை ஒப்பிட்டு உரையைக் கட்டினார்கள். 1980இல் சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் ரஷ்ய மொழியில் வெளியானது. மங்கலான, வெட்டுப்பட்ட படங்களால் அந்தப் பதிப்பில் ஆங்காங்கே இடைவெளிகள் இருந்தன.

சோவியத் மண்ணில் 1988இல் ‘அக்தியாபர்’ இதழ் வெளியிட்டது, லோசான் உரையைக் கொண்டுதான். அதற்குப் பிறகே லபோதா குடும்பம் பாதுகாத்த பிரதி வெளியே வந்தது. அதில் கிராஸ்மன் கைப்படச் செய்த திருத்தங்கள் இருந்ததால் இடைவெளிகளை நிரப்ப முடிந்தது. 1961இல் எடுத்துச் சென்ற மூலங்களை ரஷ்யப் பாதுகாப்புத் துறை 2013இல்தான் அரசு இலக்கியக் காப்பகத்திடம் ஒப்படைத்தது.

இந்த நாவலை இருநூறு, முந்நூறு ஆண்டுகளுக்கு வெளியிட முடியாது என்று சூஸ்லவ் சொன்னாராமே?
– வாசகி, யாழ்ப்பாணம்

கட்சியின் சித்தாந்தப் பொறுப்பாளர் மிகயீல் சூஸ்லவ் 1962 ஜூலை 23 அன்று கிராஸ்மனைச் சந்தித்தார். நீங்கள் சொல்லும் வாக்கியம் நண்பர்களின் நினைவுகள் வழியாகப் பரவியது. அன்றே கிராஸ்மன் எழுதி வைத்த குறிப்பில் அது கிடையாது. அந்தக் குறிப்பில் இருப்பது அதைவிட மோசம். நாவலைத் தான் படிக்கவில்லை, அதைப் பற்றிய அறிக்கைகளையே படித்ததாக சூஸ்லவ் ஒப்புக்கொள்கிறார். ‘டாக்டர் ஷிவாகோ’வைவிட இது ஆபத்தானது என்கிறார். எதிரிகள் நமக்கெதிராகத் தயாரித்து வைத்திருக்கும் அணுகுண்டுகளோடு உங்கள் புத்தகத்தையும் ஏன் சேர்க்க வேண்டும் என்றும் கேட்கிறார். பிரதி திரும்பி வரவில்லை.

அதே 1962 நவம்பரில் சோல்செனித்சினின் சிறைமுகாம் கதையை அனுமதித்தார்களே. கிராஸ்மனுக்கு மட்டும் ஏன் இல்லை?
– வாசகர், புதுச்சேரி

‘இவான் தெனீசவிச்’ ஸ்தாலின் காலத்து முகாமில் ஒரு கைதியின் ஒரு நாள். ஸ்தாலினைக் கண்டித்துக்கொண்டிருந்த குருசேவுக்கு அது உதவியது. குற்றம் ஒரு மனிதன் மேலும் ஒரு காலத்தின் மேலும் நின்றுவிட்டது. கிராஸ்மன் அங்கே நிற்கவில்லை. நாவலில் ஜெர்மன் முகாம் ஒன்றில் லிஸ் என்ற நாஜி அதிகாரி, கைதியாக இருக்கும் பழைய போல்ஷெவிக் மஸ்தோவ்ஸ்கோயை இரவில் வரவழைத்து, நாம் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் கண்ணாடியில் பார்த்துக்கொள்கிறோம் என்கிறான். மஸ்தோவ்ஸ்கோய் அருவருப்போடு மறுக்கிறார். ஆனால் ஒரு நொடி, இவன் சொல்வது உண்மையாக இருந்தால் என்ற நினைப்பு அவருக்குள் எட்டிப் பார்க்கிறது. அந்த ஒரு நொடியை எந்தத் தணிக்கையாளராலும் அனுமதிக்க முடியாது. இரண்டு அரசுகளையும் ஒரே தராசில் வைத்தது சரியா என்று வரலாற்றாசிரியர்கள் இன்றும் வாதிடுகிறார்கள். நாவலாகப் பார்த்தால் அந்த அத்தியாயத்தின் பலம், கிராஸ்மன் அந்த வாதத்தைத் தன் வாயால் சொல்லாமல் ஒரு நாஜியின் வாயில் வைத்திருப்பது. அதை நம்புவதா வேண்டாமா என்ற வேதனை வாசகர் தலையிலேயே விழுகிறது.

அவரிடம் கறையே இல்லையா?
– வாசகர், ஈரோடு

உண்டு. 1953 ஜனவரியில், சதி செய்ததாகக் குற்றம் சாட்டப்பட்ட அந்த மருத்துவர்களுக்குக் கடும் தண்டனை கேட்கும் கடிதம் ஒன்றில் பிரபல யூதர்களிடம் கையெழுத்து வாங்கினார்கள். கிராஸ்மனும் கையெழுத்திட்டார். சிலரைப் பலி கொடுத்தால் மற்றவர்களைக் காப்பாற்றலாம் என்ற எண்ணம் அப்போது பலருக்கு இருந்தது. கடிதம் அந்த வடிவில் வெளிவரவே இல்லை, ஆனாலும் அந்தக் கையெழுத்தை அவர் மன்னித்துக்கொள்ளவில்லை. நாவலில் ஷ்த்ரூம் எல்லா மிரட்டலையும் தாங்கி நிற்கிறார்; ஸ்தாலினிடமிருந்தே நேரடியாகத் தொலைபேசி அழைப்பு வந்து எல்லாம் சரியாகிவிட்ட பிறகு, அன்பாகப் பேசி நீட்டப்படும் ஒரு பொய்க் கடிதத்தில் கையெழுத்துப் போட்டுவிடுகிறார். மிரட்டலுக்கு வளையாதவன் சலுகைக்கு வளைகிறான். தன்னை விசாரிக்காமல் இந்தப் பக்கங்களை யாராலும் எழுத முடியாது.

பறிமுதலுக்குப் பிறகு அவர் எப்படி வாழ்ந்தார்?
– வாசகி, சேலம்

முழுத் தடை இல்லை. 1962இல்கூட ஒரு கதைத் தொகுப்பு வந்தது. புதிதாக எதையும் எளிதில் அச்சிட முடியவில்லை, வருமானம் சுருங்கியது, நண்பர்கள் சாலையில் பார்த்தால் விலகினார்கள். 1961 இறுதியில் ஒரு ஆர்மீனிய நாவலின் மொழிபெயர்ப்பைச் சரிசெய்யும் வேலைக்காக ஆர்மீனியா போனார்; அந்தப் பயணம் ஓர் அருமையான பயண நூலைத் தந்தது. யூதர்களின் துயரத்தைப் பற்றி ஆர்மீனியக் கிராமத்தார் பேசும் ஒரு சிறு பகுதியை எடுக்கச் சொன்னது தணிக்கை. அந்தச் சில வரிகளை நீக்குவதற்குப் பதிலாக முழு நூலையும் திரும்பப் பெற்றுக்கொண்டார். உக்ரைன் பஞ்சத்தையும் லெனினையும் நேராகப் பேசும் ‘எல்லாம் பாய்ந்தோடும்’ நாவலைக் கடைசிவரை திருத்திக்கொண்டிருந்தார். 1964 செப்டம்பர் 14 அன்று புற்றுநோயால் இறந்தார், வயது 58. சரியாக ஒரு மாதத்தில் குருசேவும் பதவி இழந்தார்.

மாஸ்கோவிலிருந்து வந்த தமிழ்ப் புத்தகங்களில் இவர் பெயரே பார்த்ததில்லையே?
– வாசகர், திருநெல்வேலி

அந்தப் புத்தகங்களை வெளியிட்ட முன்னேற்றப் பதிப்பகமும் ராதுகாவும் சோவியத் அரசின் நிறுவனங்கள். இந்த நாவல் சொந்த நாட்டிலேயே 1988இல்தான் வெளியானது. 1991இல் சோவியத் யூனியனே இல்லை. மலிவு விலைத் தமிழ்ப் பதிப்புகளும் அதோடு நின்றன. இடையில் கிடைத்த மூன்று வருடம் போதவில்லை.

எதிலிருந்து படிக்கத் தொடங்கலாம்? பெயர்க் குழப்பத்தில் பாதியில் நிறுத்திவிட்டேன்.
– வாசகி, வேலூர்

பெரும்பாலானவர்கள் தவறவிடுவது, இது இரண்டாம் பாகம் என்பதை. ஷாபஷ்னிக்கவ் குடும்பம், ஷ்த்ரூம், கிரீமவ் எல்லோரும் முதல் நாவலிலேயே அறிமுகமாகிவிட்டவர்கள். அது தெரியாமல் நுழைந்தால் முதல் நூறு பக்கம் கூட்டத்தில் தொலைந்த மாதிரி இருக்கும். முதல் நாவலுக்கு ராபர்ட், எலிசபெத் சாண்ட்லர் செய்த ஆங்கில மொழிபெயர்ப்பு 2019இல் ‘ஸ்தாலின்கிராத்’ என்ற பழைய தலைப்பிலேயே வந்திருக்கிறது. தணிக்கைக்கு முந்தைய வரைவுகளிலிருந்து பல பகுதிகளை மீட்டுச் சேர்த்திருக்கிறார்கள். ‘வாழ்வும் விதியும்’ நாவலை 1985லேயே ராபர்ட் சாண்ட்லர் ஆங்கிலத்தில் தந்துவிட்டார்.

இரண்டும் சேர்ந்தால் சுமார் 1,800 பக்கம். அவ்வளவு நேரம் இல்லையென்றால் முதலில் திரெப்ளிங்கா கட்டுரை, பிறகு ‘வாழ்வும் விதியும்’ முதல் பாகத்தின் 18ஆம் அத்தியாயம். யூதர்களை ஜெர்மானியர் அடைத்து வைத்த கெட்டோ குடியிருப்பிலிருந்து ஷ்த்ரூமின் தாய் மகனுக்கு எழுதும் கடைசிக் கடிதம் அது, தனியாகவும் படிக்கலாம். அது உங்களைப் பிடித்துக்கொண்டால் முதல் பக்கத்துக்குத் திரும்புங்கள்.

பெயர்களுக்கு ஒரு வழி: புத்தகத்தின் பின்னால் பாத்திரப் பட்டியல் இருக்கும், அது ஆட்களைக் குடும்பமாகவும் இடமாகவும் பிரித்திருக்கும். அதை நகலெடுத்து மடித்துப் புத்தகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரே ஆளை விக்டர், விக்டர் பாவ்லவிச், வீத்யா, ஷ்த்ரூம் என்று நான்கு விதமாகக் கூப்பிடுவார்கள். பாவ்லவிச் அப்பா பெயரிலிருந்து வருவது, அதைச் சேர்த்துக் கூப்பிடுவது மரியாதை. வீத்யா வீட்டில் கூப்பிடுவது. யார் எப்படிக் கூப்பிடுகிறார் என்பதைக் கவனித்தால் அந்த நேரத்தில் இருவருக்கும் இடையே இருக்கும் தூரமும் தெரிந்துவிடும். குடும்பம், ஸ்தாலின்கிராத் போர்முனை, ஜெர்மன் முகாம், ரஷ்ய முகாம், இயற்பியல் ஆய்வகம் என்று களம் மாறிக்கொண்டே இருக்கும். அத்தியாயத்தின் முதல் பத்தியில் எந்த இடம் என்று பிடித்துக்கொண்டு மேலே போங்கள். ஐந்து பக்கத்தில் மறைந்துபோகும் பாத்திரங்கள் நிறைய. அவர்கள் எல்லோரையும் நினைவில் வைத்துக்கொள்ளத் தேவையில்லை.